பிடியும் பேச்சும்: மலையகத் தோட்டக் கருவிகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன எழுத்துச் சான்றுகளே. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களைப் பொறுத்தவரை அத்தகைய சான்றுகளுக்குக் குறைவில்லை. குடியேற்ற ஆட்சியின் கட்டளைச் சட்டங்கள், ஆணைக்குழு அறிக்கைகள், கம்பனிகளின் ஆண்டுக் கணக்குகள், துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகள் என அவை பலவாக விரிகின்றன. எத்தனை ஏக்கர் காடு அழிக்கப்பட்டது, எத்தனை பேர் கடல்கடந்து கொண்டுவரப்பட்டனர், எத்தனை இறாத்தல் தேயிலை இலண்டன் சந்தைக்குச் சென்றது என்பவற்றை அவற்றினின்றும் அறியலாம். ஆயின், அவ்வேலையைச் செய்த கை எக்கருவியைப் பற்றியிருந்தது, அக்கருவியைப் பயன்படத்தக்கதாக ஆக்கியவர் யார், அதனைப் பற்றி நின்ற வேளையில் அவர்கள் தம்முள் என்ன பேசிக்கொண்டனர் என்னும் வினாக்களுக்கு அவ்வேடுகளில் விடை காண்பது அரிது.

மண்வெட்டி, முள்ளு, கோடரி, கவ்வாத்துக் கத்தி ஆகிய தோட்டக் கருவிகள் யாவும் இரு கூறுகளால் ஆனவை. ஒன்று இரும்பு, மற்றையது மரப்பிடி. இரும்பு தொழிற்சாலையிற் பிறந்தது. அதற்கு விலையும் முத்திரையும் உண்டு. ஆதலால் அது கணக்கேட்டில் இடம்பெற்றது. பிடி தொழிலாளியின் கையிற் பிறந்தது, விலையற்றது, எனவே ஏட்டில் ஏறவில்லை. மொழியும் அவ்வாறே இரு கூறாய் நின்றது. துரையும் கங்காணியும் இட்ட கட்டளை நூலாக அச்சேறியது. வேலைத்தலத்தில் தொழிலாளர் தமக்குள் பேசிய கேலியும் கிண்டலும் காற்றோடு போயின. ஏட்டில் ஏறாத இவ்விரண்டையும், அதாவது பிடியையும் பேச்சையும், சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரும்பு வந்த வழி

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதை அடுத்து மலைநாட்டின் நிலவுடைமை அமைப்பிற் பெருமாற்றங்கள் நிகழலாயின. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் 1824ஆம் ஆண்டளவில் பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். அதே காலப்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைப் பகுதியிலே கோப்பித் தோட்டமொன்றைத் தொடக்கினார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்கள் மலிந்த விலைக்குத் தோட்டக்காரர் கைக்கு மாறின.

காடழிப்பின் முதற் கருவி கோடரி. பெரும்பாலும் கண்டியச் சிங்களக் கிராமத்தவரே இவ்வேலையை ஒப்பந்த அடிப்படையில் ஏற்றனர். மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியிலுள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பர். அவை விழும் விசையிற் கீழுள்ளவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிய, முழுச் சரிவும் ஒருங்கே வெறுமையாகும். மரம் வீழ்ந்த பின் குழி வெட்டவும், கான் வெட்டவும், களை எடுக்கவும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்த அம்மக்களுள் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்களது கதையை டொனவன் மோல்ட்றிச் 1989இல் வெளியிட்ட நூல் விரிவாகக் கூறுகின்றது.

அவர்கள் கைக்கு வந்த இரும்பு பெரும்பாலும் பிரித்தானியத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துச் சில்லிங்டன் நிறுவனத்தார் முதலைச் சின்னம் பொறித்து வெளியிட்ட மண்வெட்டிகள் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சென்றவை. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட கருவி, உலகின் பல மூலைகளிலுள்ள பல்வேறு இனத்தவரின் கைகளுக்கு ஒரே வடிவில் வழங்கப்பட்டமை கருதத்தக்கது. 1884இல் புகையிரதப் பாதை ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின், மாட்டு வண்டியில் மெல்ல ஏறிய சரக்குகள் விரைந்து ஏறலாயின.

இரும்பு மேற்கிலிருந்து வந்ததாயினும் பெயர் அங்கிருந்து வரவில்லை என்பது சுவையான செய்தி. மண்வெட்டி என்னும் தமிழ்ச் சொல்லே திரிந்து ஆங்கிலேயரின் வாயில் ‘மமொட்டி’ ஆயிற்று. யூல், பர்னெல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதனைப் பதிவு செய்துள்ளது. அலவாங்கு என்னும் சொல்லோ போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒருங்கே வந்தது. மரவேலையில் வல்லாரைக் குறிக்கும் ‘பாஸ்’ என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அதுவும் இருமொழியினருக்கும் பொது. கருவிகளின் பெயர்களை மட்டும் ஆராய்ந்தாலே மலைநாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆட்சிகளும், அருகருகே வாழ்ந்த இரு மக்கட் கூட்டங்களும் நம் கண்முன் தோன்றும்.

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பட்டுப்போன கோப்பி மரங்களின் அடித்தண்டுகள் தேநீர் மேசைகளுக்குக் கால்களாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின என்பர். ஒரு பயிரின் பிணம் மற்றொரு பயிரின் பானத்தைத் தாங்கியமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்றாகும். பயிர் மாறியபோது கருவிகளும் ஓரளவு மாறின. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டி ஒதுக்கும் கவ்வாத்து, தேயிலைக்கு இன்றியமையாததாயிற்று. அதனோடு கவ்வாத்துக் கத்தியும் தோட்ட வாழ்விலே தனியிடம் பெற்றது.

பிடி செய்த கை

தொழிற்சாலையிலிருந்து வந்த மண்வெட்டித் தலையிற் பிடி இராது. வட்டமான துளையொன்று மட்டுமே இருக்கும். அத்துளைக்குப் பொருந்த மரம் தேடிச் சீவிச் செருகும்வரை அது வெறும் இரும்புத் துண்டே. இங்கேதான் தொழிலாளியின் கைத்திறன் தொடங்குகின்றது.

தென்னிந்தியக் கிராமத்தில் இவ்வேலை தச்சருக்கும் கொல்லருக்கும் உரியது. உழுகருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் கொடுக்கும் அவர்களுக்கு அறுவடைக் களத்திலே தானியம் அளக்கப்பட்டது. அங்கே கூலிக்கு உழைத்தவன் பிடி செய்ய வேண்டியதில்லை, செய்தல் மரபுமன்று. தோட்டத்திலோ அவ்வூரமைப்பு இல்லை. களமும் இல்லை, அளந்து கொடுக்கத் தானியமும் இல்லை. தோட்டத்துப் பாஸ்மார் தொழிற்சாலைக் கட்டடங்களையும் பங்களாவையும் கவனிக்கவே அமர்த்தப்பட்டனர். எனவே சாதி வேறுபாடின்றி ஒவ்வொரு தொழிலாளியும் தனக்குத் தானே தச்சனாக வேண்டியதாயிற்று எனக் கொள்வது பொருந்தும். தோட்ட முறைமை பழைய கிராமத்திலிருந்து அடக்குமுறைகள் பலவற்றைப் பெயர்த்து வந்ததாயினும், இவ்வொன்றில் அது தன்னையறியாமலே ஒரு திறனைப் பொதுவுடைமையாக்கிவிட்டது.

எம்மரம் எதற்கு ஆகும் என்னும் அறிவு இதற்கு முதற்படி. நிழலுக்காக அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட கிரெவில்லியா தோட்டமெங்கும் மலிந்திருந்தது. கொய்யாக் கிளை எளிதிற் பிளவாது. முதிர்ந்த கோப்பித் தண்டும் தேயிலைத் தண்டும் இறுகியவை. குறுகிய பிடிகளுக்கு ஏற்றவை. முள்முருக்கோ மென்மையானது, நிழலுக்கும் உரத்துக்குமன்றிப் பிடிக்கு உதவாது. ஆயினும் தோட்டத்திலே நிற்கும் எம்மரமும் தோட்டத்துக்கே உரியது என்பதை மறத்தலாகாது. கவ்வாத்தில் விழும் மிலாறை விறகாகச் சுமந்து செல்லலாம். நிற்கும் மரத்திற் கிளையொன்றை வெட்டவோ அனுமதி வேண்டும். தோட்ட வேலைக்கான கருவிக்குப் பிடி போடுவதற்கும் தோட்டத்தாரையே கேட்டு நிற்க வேண்டிய நிலை, நிலமற்ற உழைப்பாளியின் நிலையை நன்கு புலப்படுத்துகின்றது.

பெற்ற கிளையை உடனே சீவுதல் இல்லை. பட்டையோடு அடுப்புக்கு மேலுள்ள பரணிற் செருகி வைப்பர். புகையும் மெல்லிய சூடும் ஈரத்தைச் சிறுகச் சிறுக வாங்கும், வண்டும் அணுகாது. விரைந்து உலர்ந்த மரம் வெடிக்கும் என்பது அனுபவம் தந்த பாடம். உலர்ந்த பின் கத்தியாற் சீவி, உடைந்த கண்ணாடிச் சில்லாற் சுரண்டி வழவழப்பாக்கி, எண்ணெய் பூசுவர். மரத்தின் நார் தலைமுதல் அடிவரை நேராக ஓடுகின்றதா என்பதே முதன்மையான சோதனை. நார் குறுக்கே ஓடும் இடத்தில், முள்ளை நெம்பும் வேளையிற் பிடி முறியும்.

ஒவ்வொரு கருவியின் பிடிக்கும் தனி இலக்கணம் உண்டு. மண்வெட்டிப் பிடியின் தலைப்பக்கம் சற்றுப் பருத்திருக்கும். மேற்புறத்திலிருந்து துளைக்குட் செருகுவதால் ஓங்கும்தோறும் தலை கழன்று போகாமல் இன்னும் இறுகும். கோடரிக்கு மாறான முறை. துளையிற் புகுத்திய பின் நுனியைப் பிளந்து ஆப்பு அறைவர். வெயிற்காலத்தில் மரம் சுருங்கித் தலை ஆடினால் இரவில் நீரில் அமிழ்த்தி வைக்க, மரம் ஊறிப் பருத்துத் துளையை நிறைக்கும். கவ்வாத்துக் கத்தியின் பிடி குறுகியது. கத்தியின் வாலைப் பிடிக்குள் இறக்கி, மரம் பிளவாதிருக்கப் பூண் இடுவர். அப்பிடி உருண்டையாக இராமல் முட்டை வடிவாயிருப்பதே சிறந்தது. மழையில் நனைந்த உள்ளங்கையிலும் அது சுழலாது. கண்ணால் நோக்காமலே அலகு எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதைக் கை உணரும். கவ்வாத்து வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக, பிசிறின்றி அமைய வேண்டும். கிளை பிளந்தால் நீர் இறங்கிச் செடி அழுகும். எனவே பிடியின் அமைப்பு, தொழிலாளியின் வசதியோடு செடியின் ஆயுளையும் தீர்மானித்தது எனலாம்.

சரிவின் மேல்நோக்கி நின்று வெட்டுபவனுக்குப் பிடி குறுகலாயிருத்தல் வேண்டும். நெடியவனுக்கு நீளமாயிருத்தல் வேண்டும். அளவுகோல் சாணும் முழமுமே. அதாவது அவரவர் உடலே. தொழிற்சாலை எல்லாருக்கும் ஒரே இரும்பைத் தந்தது. அதனை இன்னார் கருவி என வேறுபடுத்தியது பிடி. ஆண்டுக் கணக்கான வியர்வையும் தேயிலைச் சாறும் ஊறிக் கறுத்த பிடியில் விரல்கள் பதிந்த பள்ளங்களே அதன் உரிமைப் பத்திரம். உரிமைப் பத்திரங்கள் மறுக்கப்பட்ட ஒரு மக்களின் வரலாற்றிலே இது சிறு செய்தியன்று.

பெண்களின் கருவிகளைப் பற்றியும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு விரல்களே கருவி. முதுகிற் கூடை, கையிற் செடிமட்டத்தைக் காக்கும் மட்டக்கம்பு. இரும்பு சிறிதுமற்ற, மரத்தாலேயே ஆன கருவி இது. செடிமீது கிடத்தி, அதற்கு மேலெழுந்த கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். தோட்டத்தின் வருவாய் முழுவதும் ஒரு மெல்லிய கம்பின் நேர்மையில் தங்கியிருந்தமை வியப்புக்குரியது. வேலை முடிந்து லயத்துக்கு வந்ததும் அவள் கை உலக்கையையும் அகப்பையையும் பற்றியது. அவையும் பெரும்பாலும் கணவனோ தந்தையோ சீவிக் கொடுத்தவை. நாள் முழுதும் பெண்ணின் கை மரத்தை விட்டு அகன்றதில்லை.

கோடரிக் காம்பு

பிடிக்குக் காம்பு என்றும் பெயர். குலத்தைக் கெடுக்கும் கோடரிக் காம்பு என்னும் பழமொழி தமிழர் யாவரும் அறிந்தது. மரத்திலிருந்து பிறந்த காம்பு இரும்போடு சேர்ந்து மரத்தையே வீழ்த்துகின்றது. தன் இனத்துக்குத் தானே பகையாகின்றது. காடுகளையே வீழ்த்தி எழுந்த தோட்டங்களில் இப்பழமொழிக்குப் புதுப்பொருள் உண்டாயிற்று.

பெரிய கங்காணி வெளிநாட்டவன் அல்லன்; அதே மாவட்டத்தவன்; பலவேளைகளில் அதே கிராமத்தவன். ஊரில் முற்பணம் கொடுத்து ஆட்களைச் சேர்த்து வந்தவன் அவன். ஒவ்வொரு நாளும் பிரட்டுக்கு வரும் ஆள்களின் தொகைக்கேற்ப அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன், துண்டு முறை என்பன தொழிலாளியை அவனோடு பிணைத்தன. கடன் தீர்ந்ததைக் காட்டும் துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் இயலாதிருந்தது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் கையிலிருந்த கருவி பிரம்பு. அஃது இரும்பில்லாத பிடி. வெட்டுவதற்கன்றி ஏவுவதற்கே உரியது. துரையாகிய இரும்புக்குக் காம்பாக இருந்தவன் கங்காணி என்று தொழிலாளர் எண்ணியதில் வியப்பில்லை. மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களுட் பல கங்காணியை எள்ளி நகையாடுவனவாய் அமைந்திருத்தல் இதனை உறுதிப்படுத்துகின்றது.

எனினும் பழமொழியின் தீர்ப்பை அப்படியே ஏற்றல் தகுமா என்பது சிந்திக்கற்பாலது. காம்பு தானாக இரும்பைத் தேடிச் செல்வதில்லை. அதனை வெட்டிச் செருகும் கையொன்று உண்டு. கங்காணி முறையைத் தனிமனிதரின் துரோகமாக மட்டும் காண்போர், அம்முறையால் ஆதாயம் பெற்ற மூலதனத்தை மறந்துவிடுவர். மேலும், காடு வெட்டிய காம்பும் பிழைப்புக்காக மண்வெட்டிக்கு இட்ட காம்பும் ஒன்றாகா. முன்னது பிறர் ஏவல். பின்னது தன் உழைப்பு. பழமொழி இவ்வேறுபாட்டைக் காணவில்லை. வரலாற்று மாணவன் காணல் வேண்டும்.

கட்டளையும் கேலியும்

துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த நூல்கள் சில உள. பெர்குசன் குடும்பத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட சின்னத்துரைமாருக்கான கையேட்டின் தலைப்பே ‘இங்கே வா’ என்பது. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவரின் நூல் 1915இல் ‘கூலித் தமிழ்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. இந்நூல்களை மு. நித்தியானந்தன் 2014இல் அதே தலைப்பில் வெளியிட்ட தமது ஆய்வு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இவை ஏவல் வினைகள் நிறைந்த தமிழைக் கற்பிக்கின்றன. வா, போ, வெட்டு, நிறுத்து என்பன கற்றால் துரைக்குப் போதுமானது. மறுமொழியைக் கேட்டறியும் தேவை அவனுக்கு இருந்ததில்லை. 1869இல் தலைமைக் கணக்கப்பிள்ளை ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யும் தோட்டத்தை நிருவாகத்தின் பக்கம் நின்று நோக்கியதே.

அந்த மறுமொழி எங்கே இருந்தது? அது கவ்வாத்து மலையிலும், முள்ளுக் குத்தும் நிரையிலும், மாலையில் லயத்து இஸ்தோப்பிலும் இருந்தது. கவ்வாத்துக்காரர் பெரும்பாலும் நிரைக்கு ஒருவராக அருகருகே நின்று வெட்டுவர். ஒருவன் பின்தங்கினால் மற்றவர்க்கு அது தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதில்லை. கத்தி மழுங்கியவனைப் பார்த்து, செடிக்கு முகச்சவரமா செய்கிறாய் என்று மச்சான் கேட்பான். பிடி முறிந்தவனை, மாமன் வீட்டுச் சோறு கைக்கு வந்துவிட்டது என்று மைத்துனன் சீண்டுவான். குட்டையன் நெடும்பிடி போட்டால் கம்பு நடக்கிறது, ஆளைக் காணவில்லை என்பர். புதிதாய்ப் பிடி சீவிய இளைஞன் அதை முதியவரிடம் நீட்டினால், அவர் ஒரு கண்ணை மூடி நீளப் பார்வை பார்த்து, இது பிடியா, ஆற்று வளைவா என்று கேட்டுத் திருப்பித் தருவார். கேட்டுவிட்டு, எங்கே சீவ வேண்டும் என்பதையும் நகத்தாற் கீறிக் காட்டுவார். இவ்வகைப் பேச்சு தோட்டங்களில் வழிவழியாக நடந்துவருவது.

மானிடவியலாளர் ராட்கிளிப் பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையொன்றில் ‘கேலி உறவு’ என்னும் கருத்தை விளக்கினார். குறிப்பிட்ட உறவுடைய இருவர் ஒருவரையொருவர் எள்ளலாம், எள்ளப்பட்டவர் சினங்கொள்ளலாகாது, அதுவே அவ்வுறவின் விதி. தமிழரிடையே மாமன், மச்சான், மைத்துனன், முறைப்பெண் ஆகிய உறவுகள் இத்தகையன. தோட்டத்திலே இவ்வுறவுமுறை இரத்த உறவின் எல்லையைத் தாண்டியும் விரிந்தது. ஒரே கப்பலில் வந்தவரும் ஒரே லயத்தில் வாழ்ந்தவரும் மாமன் மச்சானாயினர்.

இக்கேலி வெறும் பொழுதுபோக்கன்று என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. அதற்கு மூன்று பயன்கள் இருந்தன. முதலாவது, அது கல்வியாயிற்று. பாடசாலையோ பயிற்சி நிலையமோ கற்பிக்காத கைத்திறன், கிண்டலின் வழியே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் சென்றது. வளைந்த பிடியை நகைத்தவரே நேரான பிடியின் இலக்கணத்தைச் சொன்னவர். இரண்டாவது, அது மதிப்பீடாயிற்று. செக்றோலிற் பேர் விழுந்ததா, அரைப்பேரா என்பதே கணக்கப்பிள்ளையின் மதிப்பீடு. அங்கே நல்ல வேலைக்காரனும் சாதாரண வேலைக்காரனும் ஒரு பேர்தான். யார் கை தேர்ந்தது என்பதை நிர்ணயித்தது சக தொழிலாளரின் நகைப்பும் மௌனமுமே. பிடியைக் கையில் வாங்கி எதுவும் சொல்லாமல் திருப்பித் தருதலே அவர்கள் வழங்கிய உயர்ந்த பாராட்டு. மூன்றாவது, அது ஒற்றுமையாயிற்று. தம்முள் நகைக்கத் தெரிந்தவர் சேர்ந்து கங்காணியை நகைக்கவும், பின்னர் சேர்ந்து எதிர்க்கவும் கற்றனர்.

இவ்விறுதிக் கருத்துக்கு வரலாறு சான்று தருகின்றது. 1931இல் ஹற்றனில் தொழிற்சங்கத்தை நிறுவிய கோ. நடேசையர், தோட்டத்துக்குட் பிறர் நுழையத் தடையிருந்த காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார் என்பர். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல் புனைந்து கூட்டங்களிற் பாடினார். மேடைச் சொற்பொழிவு எட்டாத இடத்தைப் பாட்டும் நகையும் எட்டின. தலவாக்கலையிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கினார். சாரல் நாடன் 1993இல் மலையக வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதினார். பாடல்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன. பாடலாகாத அன்றாடப் பேச்சோ தொகுப்பாரின்றி நின்றது.

பிரிவும் மாற்றமும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. மாமன் ஒரு கரைக்கும் மச்சான் மறு கரைக்கும் எனக் கேலி உறவுகள் அறுந்தன. தலைமன்னார்த் துறையிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியவர்கள் சிலர் நீலகிரியிற் குடியேற்றப்பட்டனர். அங்கு 1968இல் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாக மலைநாட்டிற் பழகிய கை, கடல்கடந்தும் கவ்வாத்துக் கத்தியையே மீண்டும் பற்றியது.

இங்கே எஞ்சியோர்க்கும் மாற்றங்கள் வந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாடற்றவர் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக 2021இல் தான் உயர்ந்தது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொழுந்து கொய்யும் கத்தரிகளை ஆராய்ந்து பரிந்துரைத்தது. கவ்வாத்துக்கு இயந்திரங்களும் வந்துவிட்டன. இயந்திரத்தின் பிடி தொழிற்சாலையிலிருந்தே வருகின்றது. அதனை நெடியவனும் குட்டையனும் அப்படியே ஏற்க வேண்டியதுதான். இயந்திரம் முதுகின் பாரத்தையும் கையின் காய்ப்பையும் குறைக்குமாயின் அதனை வரவேற்றலே அறமாகும். பழைய வறுமையை அழகென்று போற்றுதல் நம் நோக்கமன்று. ஆயின் இயந்திரத்தின் இரைச்சலில் அருகில் நிற்பவனின் கேலி கேட்பதில்லை என்பதையும் கூறாதிருத்தல் இயலாது.

காப்பாற்றத் தக்கவை

கண்டிக்கு அண்மையில் ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை, 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டடமொன்றில் 2001 முதல் இயங்கி வருகின்றது. அங்குள்ள உருளைப் பொறிகளும் உலர்த்திகளும் தத்தம் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவை மேனாட்டுப் பொறியியலின் வெற்றியைப் பறைசாற்றுவன. கம்பளைக்கு அருகே பரதெக்கவில், பழைய பீகொக் தோட்டத்து லயமொன்றில் 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் அமைத்த தோட்டத் தொழிலாளர் நூதனசாலையோ வேறு வகையானது. அங்கே காம்பராவும் அடுப்பும் தப்பும் கருவிகளுமே காட்சிப் பொருள்கள். முன்னதில் இரும்பின் வரலாற்றையும் பின்னதிற் பிடியின் வரலாற்றையும் காணலாம். பல்கலைக்கழக மாணவர் இரண்டையும் ஒருசேரக் காணுதல் நன்று.

மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபவனி நிகழ்ந்தது. மூதாதையர் நடந்த பாதையை நினைவுகூர்தல் உயர்ந்த செயலே. அவர்கள் நடந்து சேர்ந்த பின் கையிற் பற்றியதையும் நினைவுகூர்தல் அடுத்த கடமையாகும். தோட்டத் தொழிலாளரைப் பயிற்சியற்ற உழைப்பாளர் என்று வகுத்தே அவர்தம் ஊதியம் நெடுங்காலமாக நிர்ணயிக்கப்பட்டது. மரத்தின் நாரை அறிந்து, உடலை அளவுகோலாக்கி, செடியின் உயிருக்கு ஊறின்றி வெட்டும் கருவியைச் சமைத்த கையைப் பயிற்சியற்றது என்று கூறுதல் எவ்வகை நீதி? இவ்வினா உணர்ச்சிபற்றி எழுவதன்று, சான்றுபற்றி எழுவது. அச்சான்று லயத்துப் பரண்களில் இன்றும் கிடக்கின்றது.

ஆதலின் மலைநாட்டிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர், விடுமுறையில் வீடு செல்லும்போது செய்யத்தக்க பணியொன்று உண்டு. பழைய பிடிகளை அளந்து, எம்மரம் என்று கேட்டு, செய்தவர் யார் என்று எழுதிக்கொள்ளலாம். அப்பிடியைச் சுற்றி எழுந்த கேலிகளையும் கேட்டுப் பதியலாம். இதற்குப் பெருநிதியோ கருவிகளோ வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். முதியவர் முதலிற் கேலி செய்யக்கூடும். படித்த பிள்ளை கவ்வாத்துக் கத்தியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்க வந்திருக்கிறது என்பர். அந்தக் கேலியையும் தவறாமல் எழுதிக்கொள்க. அதுவும் வரலாறே.